ஒன்றாம் வகுப்பில் அப்பா

எங்கள் வீட்டில் ஒரு குழந்தை தண்ணீர் கேட்கக் கை தூக்கும். தூக்கிய கையை இறக்காமல், யாராவது "சொல்லு" என்று சொல்லும்வரை காத்துக்கொண்டிருக்கும். அண்ணன் மகள், ஆறு வயது. போனிலேயே கே.ஜி. படித்து, போனிலேயே தேர்ச்சி பெற்று, போனிலேயே ஒன்றாம் வகுப்புக்கு வந்திருந்தாள். பள்ளியின் வாசலை ஒருமுறைகூட மிதித்ததில்லை. அவளைப் பொறுத்தவரை பள்ளிக்கூடம் என்பது அண்ணனின் பழைய போன். அதில் சார்ஜ் தீர்ந்தால் பள்ளி விட்டாயிற்று.

ஒருநாள் சப்பாத்தி உருட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்து கை தூக்கினாள். சொல்லு என்றேன்.

"அத்தை, டீச்சருக்கு நீச்சே என்ன இருக்கு?"

நீச்சே என்றால் இந்தியில் கீழே. எங்கள் வீட்டுத் தமிழ் அப்படித்தான், பாதி வழியில் வேறு வண்டிக்கு மாறிக்கொள்ளும். வார்த்தை புரிந்தது, கேள்விதான் புரியவில்லை. அவள் தன் தோளைத் தொட்டு, அதற்குக் கீழே கையை வீசிக் காட்டினாள். போனில் டீச்சர் தோள்வரைதான் தெரிவார். இத்தனை நாளும் அவ்வளவுதான் தெரிந்திருக்கிறார். கால்தான் இருக்கும், உன்னையும் என்னையும் போல, என்றேன். அவள் நம்பவில்லை. நீ பார்த்தாயா என்று கேட்டாள்.

நான் பார்த்திருந்தேன். அந்தப் பள்ளியில்தான் எனக்கு வேலை. எம்.எஸ்ஸி. முடித்த கையோடு கொரோனா வந்து ஊர் அடங்கிவிட்டது. வருவதாக இருந்த வேலைகள் வராமல் போகவே, இங்கே பூனேயில் கட்கி பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் ஆன்லைன் வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். ஆசிரியைகள் தினமும் பள்ளிக்கு வந்து, காலி வகுப்பறையில் நின்று, போனைப் பார்த்துப் பாடம் நடத்துவார்கள். அவர்களுடைய மைக்கைத் திறந்துவிடுவது என் வேலை. ஏதாவது ஒரு பிள்ளையின் வீட்டில் சண்டை ஆரம்பித்தால் அந்த வீட்டு மைக்கை மூடுவதும் என் வேலைதான். பள்ளி திறந்தால் இந்த வேலை எனக்கு இருக்காது. ஆனாலும் பள்ளியை முழுசாகத் திறக்க வேண்டும் என்று எங்கள் பேட்டை போபோடியிலேயே அதிகமாகக் கத்தியவள் நான்தான். காற்றோட்டத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்து வைத்திருந்தேன். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் ஜன்னல்களைத்தான் பார்ப்பேன். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையை அப்புறம் பார்ப்பேன்.

எதிர்க்கட்சி வீட்டிலேயே இருந்தது. அண்ணி.

அண்ணி ஏரவாடா பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். பகல் முழுக்க ஊரார் மூக்கில் குச்சி விட்டுவிட்டு மாலையில் வந்தால், நேராக மோரிக்குத்தான் போவார். மோரி என்பது சமையலறை மூலையில் அரைச்சுவர் எழுப்பி விட்டிருக்கும் குளிக்கிற இடம். அங்கே வெந்நீர் தயாராக இருக்க வேண்டும். அவர் குளித்துத் தலை காயும்வரை யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. எல்லாம் அப்பாவுக்காக. அப்பா வேலூரில் இருந்து இளவயதில் பூனே வந்து, தொழிற்சாலையில் வெல்டராகச் சேர்ந்து, ஓய்வு பெற்றவர். பீடியும் புகையுமாக இருந்ததில் அவருடைய நுரையீரல் அவருக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்டது. சாதாரணச் சளிகூட இவருக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. இரண்டு அறை வீட்டில் நாங்கள் ஐந்து பேர், அதில் நடுநாயகமாக அப்பாவின் நுரையீரல்.

இதில் எனக்கு ஒரு வாதம் இருந்தது. அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அண்ணன் நெரிசல் பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறான். நான் பள்ளிக்குப் போகிறேன். வெளியே காலே வைக்காதவள் குழந்தை மட்டும்தான். ஆக, இந்த வீட்டுக்குள் நோய் வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மொத்தத்தையும் ஆறு வயதுக் குழந்தையின் தலையில் வைத்திருக்கிறோம். இதை அண்ணியிடம் சொன்னேன், ஒரு சொற்பொழிவு போல. அண்ணி கோயம்புத்தூர்க்காரர். குரல் உயராமலே ஆளைச் சாய்த்துவிடுவார்.

"நாம மூணு பேரு போய்ட்டு வர்றதே அதிகம் கண்ணு. நாலாவதா ஒண்ணையும் அனுப்பணும்ங்கறியா?"

இதுவும் சரியாகத்தான் இருந்தது. அந்தக் காலத்தின் தொல்லையே அதுதான். யார் எதைச் சொன்னாலும் சரியாக இருந்தது.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து சின்ன வகுப்புகளுக்கும் அனுமதி வந்தது. முழுசாகத் திறப்பதா, பாதிப் பிள்ளைகளோடு திறப்பதா, இப்படியே போனில் ஓட்டுவதா என்பதைப் பள்ளியும் பெற்றோரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். எங்கள் தலைமை ஆசிரியை ஒன்றாம் வகுப்புப் பெற்றோரைப் போனில் கூட்டினார். மைக் என் கையில்.

நான் ரசித்துக் கேட்ட கூட்டங்களில் அது முக்கியமானது. முழுசாகத் திறந்தே ஆக வேண்டும் என்றார் ஒரு தந்தை. அவருடைய மகன் வீட்டுக்குள் கிரிக்கெட் ஆடி டி.வி.யை உடைத்துவிட்டானாம். கூட்டம் என்றாலே ஆபத்து, திறக்கவே கூடாது என்றார் இன்னொருவர். அவர் தலையில் சரிகைத் தலைப்பாகை இருந்தது, பின்னால் பேண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. ஏதோ கல்யாண ஊர்வலத்தின் நடுவில் நின்று பேசுகிறார். கூட்டத்தின் ஆபத்துகளை அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே யாரோ வந்து அவரை ஆட இழுத்துக்கொண்டு போனார்கள். பள்ளி தாராளமாகத் திறக்கட்டும், ஆனால் முதல் ஒரு மாதம் மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை அனுப்பிப் பார்க்கட்டும் என்று ஓர் அம்மா சொன்னார். அதற்குக் கிடைத்த ஆதரவு வேறு எதற்கும் கிடைக்கவில்லை. கட்கி ஸ்டேஷன் பக்கம் வடாபாவ் வண்டி வைத்திருக்கும் ஒருவர், என் மகள் பக்கத்தில் உட்காரப்போகும் பிள்ளை எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது, நான் விடமாட்டேன் என்றார். வருகைப் பதிவு எண்படி அவர் மகளுக்குப் பக்கத்து இடம் எங்கள் வீட்டுப் பிள்ளையுடையது.

பிறகு பேச்சு இடத்துக்கு வந்தது. அந்த வகுப்பறையில் எல்லாப் பிள்ளைகளும் இடைவெளி விட்டு உட்கார முடியுமா? முடியும் என்று பாதிப் பேர், முடியாது என்று பாதிப் பேர். அந்த அறையை அவர்களில் யாருமே நேரில் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் என் வாய் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கிற வாய் எனக்கு வாய்க்கவில்லை. பேசிக்கொண்டே இருப்பதைவிட ஒருநாள் நிரப்பிப் பார்த்துவிடலாமே என்றேன். பிள்ளைகளை வரவழைக்க முடியாது, அதுதான் கேள்வியே. பெரியவர்கள் வரட்டும். ஒவ்வொரு பிள்ளையின் இடத்திலும் அந்த வீட்டிலிருந்து ஒருவர். காலை மணியில் இருந்து மாலை மணிவரை ஒரு முழு நாள் ஒத்திகை.

போனில் இவ்வளவு நேரம் யாருமே பேசவில்லை என்றால் நெட் போய்விட்டது என்று அர்த்தம். நான் சோதித்துக்கூடப் பார்த்தேன். நெட் இருந்தது. தலைமை ஆசிரியை தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல யோசனை என்று மராத்தியில் சொன்னார். அத்தோடு விடவில்லை. ஒத்திகை என்றால் ஒத்திகையாகவே இருக்க வேண்டும். பை, டப்பா, தண்ணீர்ப் பாட்டில், மாஸ்க் எல்லாம் கொண்டுவர வேண்டும், தாமதமாக வந்தால் வெளியே நிற்க வேண்டும் என்றார்.

எங்கள் வீட்டிலிருந்து யார் போவது? அண்ணிக்கு டியூட்டி. அண்ணனுக்கு ஷிப்டு. எனக்கு ஒத்திகையை நடத்துகிற வேலை.

"இதுல யோசிக்க இன்னா இருக்குது. நான் போறேன்" என்றார் அப்பா.

அண்ணி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார். யாருக்காக இந்த வீட்டின் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி வைத்திருக்கிறோமோ அவரே போய் ஒரு வகுப்பறைக் கூட்டத்தில் உட்காருவதா என்று கேட்டார். அப்பா நியாயமாகவே பதில் சொன்னார். பிள்ளையை அனுப்பினால் ஆபத்து யாருக்கு? எனக்கு. அப்படியானால் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று நான்தான் பார்க்க வேண்டும். ஊசி இரண்டும் போட்டாயிற்று, போதாதா. வாதத்தில் எங்கேயோ ஓட்டை இருந்தது, எங்கே என்று எங்களால் பிடிக்க முடியவில்லை. மாஸ்க்கைக் கழற்றக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது, ஜன்னல் ஓரமாகத்தான் உட்கார வேண்டும் என்று அண்ணி சத்தியம் வாங்கிக்கொண்டார். அப்பா ரொம்பப் பணிவாகத் தலையாட்டினார். தொழிற்சாலையில் மேலதிகாரிகளிடம் இப்படித்தான் ஆட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஒத்திகையன்று காலை அப்பாவுக்கு இரண்டு மாஸ்க், அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் முகமூடி, முதுகில் முயல் படம் போட்ட இளஞ்சிவப்புப் பை. குழந்தை ஜன்னலில் நின்று டாட்டா காட்டினாள். அவள் முகத்தில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

நான் முன்னாலேயே போய்விட்டேன். காற்றோட்டத்தைச் சோதிக்க எனக்கு ஒரு திட்டம் இருந்தது. ஊதுபத்தி ஏற்றி வகுப்பறையின் ஒவ்வொரு மூலையிலும் பிடித்துப் பார்த்தால், புகை எங்கே நகர்கிறது, எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும். மூன்று மூலைகளில் புகை அழகாக ஜன்னலை நோக்கிப் போனது. கரும்பலகைக்கு இடப்பக்க மூலையில் மட்டும் அப்படியே நின்றது. மோசமான மூலை. ஊதுபத்தியை அங்கே சுவர் விரிசலில் செருகிவிட்டு, சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, அளவுநாடா எடுக்க அலுவலகத்துக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது வட்டத்துக்குள் மஞ்சள் குங்குமம் இருந்தது. பள்ளி திறக்கும் முன் பூஜை போலிருக்கிறது என்று பியூன் நினைத்திருக்கிறார். கைகால் கழுவிக்கொண்டு வந்து ஒரு தேங்காயும் வைத்துவிட்டார். முதலில் வந்த பெற்றோர் அதைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினார்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்களைப் பார்த்துக் கழற்றினார்கள். தலைமை ஆசிரியை வந்தபோது ஆரத்திப் பாட்டு ஆரம்பித்திருந்தது. அவரும் கண்ணை மூடிக் கை தட்டத் தொடங்கினார். அறையிலேயே காற்று மிக மோசமான மூலையில், ஒன்றாம் வகுப்பின் மொத்தப் பெற்றோரும் தோளோடு தோள் ஒட்டி நின்று, உரத்த குரலில் பாடினார்கள். இது பூஜை இல்லை, இது விஞ்ஞானம் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? பிரசாதத்துக்குப் பேடா வந்தது. மாஸ்க்குகள் தாடைக்கு இறங்கின. அப்பா இரண்டு பேடா வாங்கிக்கொண்டார். ஒன்று வீட்டுக்கு என்று சொல்லி வாங்கினார், அங்கேயே தின்றார்.

பிறகு மணி அடித்தது. எல்லோரும் அவரவர் பிள்ளையின் இடத்தில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள் என்று எழுதுவது எளிது. அவை ஆறு வயதுக்கான பெஞ்சுகள். முழங்கால் தாடையை இடித்தது. டி.வி. உடைந்த வீட்டுத் தந்தை உட்கார்ந்த பிறகு எழ முடியாமல் போய், அடுத்த இரண்டு பாடவேளையும் பெஞ்சோடேயே நகர்ந்தார். தலைமை ஆசிரியை வருகைப் பதிவை எண்களால் கூப்பிட்டார். அப்பாவின் முறை வந்தபோது பெஞ்சைப் பிடித்து எழுந்து நின்று "பிரசென்ட் மேடம்" என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. முகமூடிக்குள் ஆவி படிந்தது. ஆனால் குரலில் ஒரு மினுமினுப்பு இருந்தது. எத்தனையோ மாதமாக அவர் எங்களைத் தவிர வேறு யாரிடமும் பேசியிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வகுப்பு டீச்சர் பாடம் எடுத்தார். பழங்களின் பெயர்கள். முதல் பத்து நிமிஷம் ஒழுங்காகப் போனது. அதற்குப் பிறகு கடைசி வரிசையில் போன் அடித்தது. யாரோ சிரித்தார்கள். தலைப்பாகைக்காரர், இன்று வெறுந்தலையோடு வந்திருந்தவர், பாத்ரூம் போக வேண்டும் என்று கை தூக்கினார். ஒருவர் தூக்கியதும் பாதி வகுப்புக்குப் பாத்ரூம் வந்துவிட்டது. அங்கே வரிசை, வரிசையில் பேச்சு, பேச்சில் இடைவெளி காணாமல் போனது. தரையில் நான் போட்டு வைத்திருந்த வட்டங்களில் நிற்கச் சொன்னால், ஒரு வட்டத்தில் இரண்டு பேர் நின்றார்கள். இருவரும் போபோடியில் ஒரே சந்துக்காரர்களாம், அதனால் ஒன்றும் ஆகாதாம்.

ஜன்னல் ஓரம் உட்காருவேன் என்று சத்தியம் செய்த அப்பா, வடாபாவ் காரரின் பக்கத்தில் இருந்தார். அது அவர் குற்றமில்லை, பிள்ளையின் இடம் அது. ஆனால் சாப்பாட்டு மணி அடித்தபோது நடந்ததற்கு அவர்தான் காரணம். எல்லோரும் கரும்பலகையைப் பார்த்தபடி, பேசாமல், பகிராமல் சாப்பிட வேண்டும் என்பது விதி. அப்பா டப்பாவைத் திறந்தார். அண்ணி கொடுத்துவிட்டிருந்த புளிச்சோறு. வடாபாவ் காரர் திரும்பிப் பார்த்து, இது என்ன என்றார். அப்பா பேசவில்லை, சத்தியம் செய்திருக்கிறாரே. டப்பாவை நகர்த்திக் காட்டினார். அவர் ஒரு வாய் எடுத்தார். பதிலுக்குத் தன் டப்பாவிலிருந்து ஒரு வடாபாவைப் பிட்டு அப்பாவின் மூடியில் வைத்தார். முன் பெஞ்சு திரும்பியது. பக்கத்துப் பெஞ்சிலிருந்து சாபுதானா என்கிற ஜவ்வரிசிக் கிச்சடி வந்தது. கொஞ்ச நேரத்தில் டப்பாக்கள் வகுப்பறை முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தன. எந்த டப்பா யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. தலைமை ஆசிரியை உள்ளே வந்து பிரம்பு இல்லாத கையால் மேஜையைத் தட்டினார். யார் ஆரம்பித்தது என்று கேட்டார். ஒன்றாம் வகுப்பின் அத்தனை பேரும் அப்பாவைக் காட்டினார்கள். முதலில் காட்டியது வடாபாவ் காரர்.

அப்பாவைக் கரும்பலகை அருகே நிற்க வைத்தார்கள். அதுவும் அந்த மூலையில், ஊதுபத்தி எரிந்த இடத்துக்கு அருகில். அண்ணியின் முகம் என் கண் முன்னால் வந்து போனது. நான் ஓடிப்போய் ஜன்னல் பக்கம் மாற்றி நிறுத்தினேன்.

கடைசி மணி அடித்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில் கதவுக்கு ஓடினார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உடம்பே ஞாபகம் வைத்திருந்தது போல. கதவில் சிக்கிக்கொண்டு சிரித்தார்கள். தலைமை ஆசிரியை அத்தனை பேரையும் திரும்ப உட்கார வைத்து, இப்போது ஓட்டு என்றார். முழுசாகத் திறக்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள்.

நான் எண்ணினேன். அன்று போனில் எத்தனை பேர் திறக்கச் சொன்னார்களோ கிட்டத்தட்ட அத்தனை பேர்தான். ஆனால் ஆட்கள் வேறு. டி.வி. உடைந்த வீட்டுத் தந்தை இப்போது திறக்கவே கூடாது என்றார். பிள்ளைகள் கூடினால் என்ன ஆகும் என்று இன்று நேரில் பார்த்துவிட்டேன், நானே நாலு பேர் டப்பாவில் சாப்பிட்டேன் என்றார். தலைப்பாகைக்காரர் திறக்கச் சொன்னார். ஒருநாள் வந்ததிலேயே மனசு லேசாகிவிட்டது, பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்றார். என் மகள் பக்கத்தில் உட்காருவது யார் என்று எனக்கு இப்போது தெரியும் என்று சொல்லிக் கை தூக்கினார் வடாபாவ் காரர். ஒரு நாள் முழுக்க ஒத்திகை பார்த்து, ஒவ்வொருவரும் தன் பழைய கருத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, அவருடையதை வாங்கிக்கொண்டிருந்தார்கள். டப்பா மாதிரியே.

இரண்டு பக்கமும் சரிசமமாக வந்து நின்றது. கை தூக்காமல் இருந்தது ஒருவர் மட்டும். தலைமை ஆசிரியை அப்பாவைப் பார்த்தார்.

அப்பா எழுந்தார். மூச்சு நிதானமாகும்வரை பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு தொழிற்சாலை இந்தியில் சொன்னார். அதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "பிள்ளைங்க வரட்டும் மேடம். நுரையீரல் கெட்டுப்போனது எனக்கு. தள்ளி உட்கார வேண்டியவன் நான்தான். அதுக்காக என் பேத்தியைத் தள்ளி உட்கார வெச்சிருக்கோம், அது சரியில்ல."

ஒரு ஓட்டில் பள்ளி திறந்தது. அந்த ஓட்டு, பள்ளி திறந்தால் யாருக்கு அதிக ஆபத்தோ அவருடையது. தலைமை ஆசிரியை ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். இன்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், பிள்ளைகள் முழு எண்ணிக்கையில் வரலாம், பெற்றோர் மட்டும் கேட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது.

மாலையில் அண்ணி வந்தார், குளித்தார், தலை காய்ந்தது. அப்பா ஆரத்தியில் ஆரம்பித்து ஓட்டுவரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். நான் நடுவில் காற்றோட்டத்தைப் பற்றி ஏதோ சேர்த்தேன். அண்ணி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. துண்டை மடித்துக்கொண்டே பேசினார்.

"ஆஸ்பத்திரில தினமும் பாக்கறனுங்க மாமா. மூச்சு வாங்க முடியாம கட்டில்ல உக்காந்திருப்பாங்க. நாம போனா நம்மளையே பாப்பாங்க, அந்தக் கண்ணு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமுங்க. அதை உங்க மூஞ்சில பாக்க என்னால முடியாது. வேற ஒண்ணுமில்லீங்க."

குழந்தை மூலையில் உட்கார்ந்து, அப்பா கொண்டுபோன தன் பையைத் திறந்து, அதற்குள் பள்ளிக்கூட வாசனை வருகிறதா என்று முகர்ந்துகொண்டிருந்தாள். புளிச்சோறு வாசனைதான் வந்திருக்கும்.

"அப்ப நான் வேற வூட்டுக்குப் போயிடறேன்" என்றார் அப்பா.

ரோஷத்தில் சொல்கிறார் என்று நினைத்து அண்ணி பதறிவிட்டார். அப்பா ஜன்னலைக் காட்டினார். எதிர்வீட்டுச் சோலாப்பூர்க் குடும்பம் முதல் அலையிலேயே ஊருக்குப் போனது, திரும்பவில்லை. ஓர் அறை வீடு. சாவி எங்களிடம்தான். எங்கள் சந்து எவ்வளவு அகலம் என்றால், ஸ்கூட்டர் வந்தால் நடந்து வருகிறவர் யார் வீட்டுக்குள்ளாவது ஏறி நிற்க வேண்டும். எங்கள் ஜன்னலில் இருந்து கை நீட்டினால் அந்த வீட்டு ஜன்னலைத் தொட்டுவிடலாம். பள்ளியில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் விடச் சொன்ன இடைவெளியைவிட இது குறைச்சல். ஆனால் நடுவில் இருப்பது திறந்த காற்று, அதுவும் ஆற்றுப் பக்கமிருந்து விடாமல் அடிக்கிற காற்று. நான் ஊதுபத்தி பிடித்துப் பார்த்தேன். புகை நிற்கவே இல்லை. இந்த முறை யாரும் கும்பிடுவதற்கு முன்னாலேயே அணைத்துவிட்டேன். அண்ணி வெகுநேரம் யோசித்துவிட்டு, சோலாப்பூர்க்காரர்களுக்குப் போன் போட்டுக் கேட்டார். வீட்டைத் திறந்து பெருக்கி வைத்தால் அவர்களுக்குச் சரி.

இப்படியாக அப்பா குடிபெயர்ந்தார். ஒரு பாய், ஒரு தலையணை, மாத்திரை டப்பா, ரேடியோ. வழியனுப்ப நாங்கள் எல்லோரும் வாசலுக்கு வந்தோம். நாலு எட்டு வைத்து மறுவாசலில் ஏறினார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சாப்பாட்டை முறத்தில் வைத்து ஜன்னல் வழியாக நீட்டுவோம். குழம்பில் உப்புக் குறைந்தால் அடுத்த நிமிஷமே தெரிந்துவிடும்.

பள்ளி திறந்த அன்று நான்தான் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டில் வகுப்பு டீச்சர் நின்றிருந்தார். குழந்தை அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அது ஏற்கெனவே தெரிந்த முகம்தானே. நேராகக் கீழே பார்த்தாள். டீச்சர் முதல் நாள் என்று பைட்டணிப் புடவை கட்டியிருந்தார், தரையைக் கூட்டும் புடவை. கால் இருப்பதற்கான அறிகுறியே இல்லை. குழந்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் அப்படியே குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, புடவை ஓரத்துக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். டீச்சர் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். இரண்டு செருப்பும் தெரிந்தன. குழந்தை எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, என் கையை விட்டுவிட்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலை அப்பா ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். ரேடியோவை அணைத்திருந்தார். அவள் வந்தாள், பையை எறிந்தாள், சோறு கேட்டாள், தின்றாள், அப்படியே தரையில் படுத்துத் தூங்கிவிட்டாள். என்ன சொன்னாள் என்று அப்பா எதிர் ஜன்னலில் இருந்து கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அவள் தூங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த வாரமே வேலை போனது, போன மாதிரியே தெரியவில்லை.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குழந்தை தும்மினாள்.

வீட்டில் எல்லாம் நின்றது. அண்ணன் பல் தேய்ப்பதை நிறுத்தினான். அவள் இரண்டாவது முறை தும்மியபோது எதிரே அப்பாவின் ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது, உள்ளேயிருந்து அவரே சாத்தினார். அண்ணி பேசாமல் போய்க் கைப்பையில் இருந்து குச்சியை எடுத்து வந்தார். ஊரார் மூக்கில் எல்லாம் விட்ட கையால் மகள் மூக்கிலும் விட்டார். குழந்தை அதற்கு அழவில்லை. நாளைக்குப் பள்ளி இல்லை என்று சொன்னபோதுதான் அழுதாள். அழுகை என்றால் சந்து முழுக்கக் கேட்கும் அழுகை. தன் இடம் காலியாக இருக்கும், வடாபாவ் காரர் மகள் வேறு யாருக்காவது அந்த இடத்தைக் கொடுத்துவிடுவாள் என்று இந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் அழுதாள். கை தூக்கவே இல்லை. அண்ணி அவளை மடியில் போட்டுக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை முதுகைத் தட்டிக்கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, இப்படி ஒரு சிநேகிதி இருக்கிறாள் என்று இவள் என்னிடம் சொல்லவே இல்லையே என்றார்.

அடுத்த நாள் முடிவு வந்தது. வெறும் சளி. அண்ணி ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும், முதல் முறையாக மோரிக்குப் போகாமல், வந்த உடையோடு சந்தில் நின்று எதிர் ஜன்னலைத் தட்டினார்.

"மாமா, ஒண்ணும் இல்லீங்க, சாதாச் சளிதான். ஆனா அதுவே உங்களுக்கு ஆகாது. இன்னும் நாலு நாளைக்கு இந்த ஜன்னலைத் திறக்கவே கூடாதுங்க, என்ன?"

ஜன்னல் திறந்தது. அப்பா தலையை வெளியே நீட்டினார்.

"இன்னாம்மா சொன்ன? சாத்தியிருந்ததா, ஒண்ணுமே கேக்கல."